இரட்டைப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் வேற்றுமை

"ஒன்று அதுவாக இரு, இல்லை இதுவாக இரு. ஏன் ரெண்டுங்கெட்டானாக இருக்கிறாய்?"

ஆப்பிரிக்க அமெரிக்கர், ஜப்பானிய அமெரிக்கர், ஆங்கிலோ இந்தியர், இந்தியத் தமிழர் என்று இரண்டு சொற்களால் ஆன பெயரைச் சுமக்கும் எல்லாக் கூட்டத்தாரும் ஏதோ ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களின் தர்க்கம் எளிமையானது. பெயரில் இரண்டு இருந்தால் மனதிலும் இரண்டு இருக்குமாம். இரண்டு பெயர் என்றால் இரண்டு விசுவாசமாம்!

கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் கேட்கிறவர்கள் ஒரு சின்ன விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்தது யார்? பெரும்பாலும் அந்த மக்கள் இல்லை. பக்கத்து நாட்டு வரலாற்றாசிரியர் வைத்தார், அரசனின் எழுத்தர் வைத்தார், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரி வைத்தார். பெயரை வைத்தவர்களே பிறகு அதே பெயரைக் காட்டிக் குற்றமும் சாட்டினார்கள். இரட்டைப் பெயர்களின் வரலாற்றில் பெரும்பகுதி இதுதான்.

இலக்கணம் முதலில்

பள்ளிக்கூடத்தில் தொகைநிலைத் தொடர் படித்தது நினைவிருக்கிறதா? பத்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பகுதி. அரசியல் புரிய வேண்டுமென்றால் அதைத் தூசி தட்டி எடுத்தே ஆக வேண்டும்.

'சேர சோழ பாண்டியர்' என்பது உம்மைத்தொகை. சேரரும் சோழரும் பாண்டியரும். 'செந்தாமரை' பண்புத்தொகை. தாமரைதான், சிவப்பானது. 'மதுரை வணிகர்' என்றால்? மதுரையில் வாழும் வணிகரா, மதுரையிலிருந்து வந்த வணிகரா? உருபு வெளியே தெரியவில்லை, மறைந்து நிற்கிறது. அதனால் அது வேற்றுமைத்தொகை. பொருள் மயங்கும் தொகைகள் இரண்டு முதல் ஏழு வரை பொருள் தரும் என்று நன்னூலே சொல்லிவிட்டது.

தாமரையைப் பற்றியோ வணிகரைப் பற்றியோ பேசும்போது இந்த மயக்கத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே மயக்கம் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரில் வந்தால்? மறைந்திருக்கும் உருபை விரித்துச் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் அந்த மக்களின் தலையெழுத்தும் போய்விடுகிறது.

பழைய கதை

இந்தப் பழக்கம் கிரேக்கர்களும் ரோமானியர்களும் தொடங்கி வைத்தது. ஆங்கிலோ, இந்தோ, ஆஸ்ட்ரோ, செர்போ... எல்லாவற்றிலும் முதல் சொல்லின் வால் வெட்டப்பட்டு ஒரு 'ஓ' ஒட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள். அந்த 'ஓ' கிரேக்கத் தொகைச்சொற்களின் இணைப்பு உயிர். விவிலியத்தில் வரும் சீரோபேனிக்கியப் பெண்ணின் பெயரிலேயே அது இருக்கிறது. சிரியாப் பக்கத்துப் பினீசியர் என்பது பொருள். இரண்டு இனங்களின் கலவை என்பதல்ல.

ஆனால் வட ஆப்பிரிக்காவின் 'லிபியோ பினீசியர்' பற்றி எழுதிய ரோம வரலாற்றாசிரியர் லிவி, அவர்களைக் கார்த்தேஜியரும் ஆப்பிரிக்கரும் கலந்த இனம் என்றார். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பெயர்கள். ஒன்றில் முதல் சொல் இடத்தைக் காட்டுகிறது, மற்றதில் ரத்தத்தைக் காட்டுகிறது!

ஸ்பெயினின் கெல்டிபீரியர் கதை இன்னும் சுவாரஸ்யம். கெல்ட்டுகளும் ஐபீரியர்களும் போரிட்டு, பின் சமாதானமாகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் வந்த பெயர் இது என்று டியோடோரஸ் எழுதிவைத்தார். நூற்றாண்டுகளாக அதுவே வேதவாக்காக இருந்தது. ஆனால் 1970-ல் போட்டோரிட்டாவில் கிடைத்தது போன்ற வெண்கலப் பட்டயங்களைப் படித்தால், அவர்களுடைய மொழி தெளிவாகக் கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து மட்டும் ஐபீரியர்களிடம் கடன் வாங்கியது. ஆக, 'கெல்ட்டும் ஐபீரியரும்' என்பதைவிட 'ஐபீரியாவில் வாழ்ந்த கெல்ட்டுகள்' என்ற பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது. பெயரைப் பார்த்து ஒரு கல்யாணக் கதையையே கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க நிறையவே இடமிருக்கிறது.

சுத்த ரத்தத்துக்கு ஒரு கலப்புப் பெயர்

இரட்டைப் பெயர் என்றால் இரட்டை விசுவாசம் என்று சொல்கிறவர்கள் எல்லாருக்கும் முதலில் காட்ட வேண்டிய பெயர் 'ஆங்கிலோ சாக்ஸன்'. இனப்பெருமை பேசுபவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் இந்தப் பெயரே ஒரு தொகைச்சொல்தான்.

பிரிட்டனுக்குக் கடல் கடந்து வந்தவர்கள் ஆங்கிள், சாக்ஸன், ஜூட் என்ற மூன்று கூட்டத்தார் என்று கி.பி. 731-ல் முடித்த தன் வரலாற்று நூலில் பீட் என்ற துறவி எழுதினார். பெயரில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஜூட் எங்கே போனார்? அவரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அதே எட்டாம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த பால் தி டீக்கன் போன்ற ஐரோப்பிய எழுத்தாளர்கள் ஆங்கில சாக்ஸன்கள் என்று எழுதினார்கள். ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட பழைய சாக்ஸன்களிலிருந்து தீவில் வாழ்கிற சாக்ஸன்களைப் பிரித்துக்காட்ட அது தேவைப்பட்டது. அதாவது பண்புத்தொகை. சுமார் நூறு வருடம் கழித்து ஆல்ஃப்ரட் மன்னர் தன்னை ஆங்கிலோ சாக்ஸன்களின் அரசர் என்று அழைத்துக்கொண்டார். அவர் வெஸ்ஸெக்ஸ் சாக்ஸன்களின் அரசர். ஆங்கிள்களின் மெர்சியாவில் ஒரு பகுதியும் அவர் கைக்கு வந்திருந்தது. "இவர்களுக்கும் நானே அரசன், அவர்களுக்கும் நானே அரசன்." இப்போது அதே சொல் உம்மைத்தொகை ஆகிவிட்டது! மக்கள் என்னவோ தங்களை இங்கிலிஷ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே சொல் உலகை ஆளப் பிறந்த ஒரு தூய இனத்தின் பெயராக மாறியது. மூன்று கூட்டத்தார் கலந்து, அதில் ஒருவரைத் தொலைத்து, அயல்நாட்டார் எழுதிய பெயரைச் சுமந்துகொண்டு சுத்த ரத்தம் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அந்தப் பேச்சின் நாற்றம் தாங்காமல்தான் 2019-ல் சர்வதேச ஆங்கிலோ சாக்ஸன் ஆய்வாளர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தித் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

ஆள் மாறிய பெயர்: ஆங்கிலோ இந்தியர்

தமிழ்நாட்டில் சட்டைக்காரர்கள் என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே புரியும். ரயில்வே காலனி, கிறிஸ்துமஸ் நடனம், ஹாக்கி மட்டை. ஆனால் ஆங்கிலோ இந்தியர் என்ற பெயர் முதலில் அவர்களுடையதே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அந்தப் பெயர் இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களைக் குறித்தது. 1886-ல் வந்த புகழ்பெற்ற ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தன்னை ஆங்கிலோ இந்தியச் சொற்களின் தொகுப்பு என்று சொல்லிக்கொள்வது இந்தப் பொருளில்தான். அப்போது கலப்பு மணத்தில் பிறந்தவர்களுக்கு வேறு பெயர்கள்: யுரேஷியர், கிழக்கிந்தியர், வாய்கூசும் இன்னும் சில.

பெயர் மட்டுமா வேறு? 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகம் இல்லை என்றது. 1795-ல் பட்டாளத்தில் குழல் ஊத, முரசு கொட்ட, குதிரைக்கு லாடம் அடிக்க மட்டும் வரலாம் என்றது. சொந்த அப்பன்களின் கம்பெனி சொந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மரியாதை இது.

1911 கணக்கெடுப்பில் அரசாங்கம் 'ஆங்கிலோ இந்தியர்' என்ற பெயரை எடுத்து இவர்களுக்குக் கொடுத்தது. அந்தச் சமூகமே கேட்டு வாங்கிய பெயர்தான், அதை மறுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பெயருக்கு எல்லை வகுத்தது யார்? 1935-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனமும் 366(2)-வது பிரிவில் அதையே கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது. அப்பா வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும். அம்மா ஐரோப்பியராக இருந்து அப்பா இந்தியராக இருந்தால் கணக்கில் வராது! 'ஆங்கிலோ' பாதி தகப்பனிடமிருந்து மட்டுமே வருமாம். பெயரைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம் போலத் தெரிகிறது. சட்டம் விரித்துப் படிக்கும்போதுதான் ஒரு பக்கம் மட்டும் ஆண்பால் என்று தெரிகிறது.

இன்னொன்றும் நடந்தது. மக்களவையில் இரண்டு ஆங்கிலோ இந்தியர்களை நியமிக்கும் ஏற்பாடு 104-வது திருத்தத்தோடு 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு: 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர்! ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்துக்குக்கூடப் பத்தாத கூட்டம். அந்தச் சமூகத்தார் கொதித்தெழுந்து மறுத்தார்கள். பெயரைக் கொடுக்கும் கைக்கு அதை எண்ணும் உரிமை இருக்கிறது. எண்ணாமல் விடும் உரிமையும் இருக்கிறது.

ஒரு சின்னக் கோட்டுக்காக ஒரு போர்

நாட்டின் பெயரிலேயே இந்தச் சண்டை நடந்த இடம் செக்கோஸ்லோவாக்கியா. அதன் அண்ணன் ஆஸ்ட்ரியா-ஹங்கேரி. 1867 உடன்பாட்டுக்குப் பிறகு வந்த அந்தப் பெயரில் இடம்பிடித்த ஜெர்மானியரும் ஹங்கேரியரும் சேர்ந்தே பேரரசின் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. செக், போலிஷ், உக்ரேனிய, ஸ்லோவாக், குரோஷிய மக்களுக்குப் பெயரில் இடமே இல்லை.

அதை எதிர்த்து எழுந்தவர்கள் 1918-ல் கட்டிய நாடும் இன்னொரு தொகைச்சொல்லாகத்தான் பிறந்தது. அந்த ஆண்டு மே மாதம் பிட்ஸ்பர்க்கில் மசாரிக் கையெழுத்திட்ட உடன்பாட்டில் ஸ்லோவாக்கியருக்குத் தனி நிர்வாகம், தனிச் சட்டசபை, தனி நீதிமன்றங்கள் என்று வாக்குறுதி இருந்தது. உம்மைத்தொகை! ஆனால் 1920-ல் வந்த சாசனம் அதைத் தரவில்லை. மொழிச் சட்டம் 'செக்கோஸ்லோவாக் மொழி' என்று ஒன்றைப் படைத்தது. அப்படி ஒரு மொழியை யாரும் பேசியதில்லை. ஒருவர் செக் பேசினார், மற்றவர் ஸ்லோவாக் பேசினார்.

ஏன் இந்த வேலை? 1921 கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் ஜெர்மானியர் முப்பது லட்சத்துக்கு மேல். ஸ்லோவாக்கியர் சுமார் இருபது லட்சம். தனித்தனியாக எண்ணினால் நாட்டின் இரண்டாவது பெரிய இனம் ஜெர்மானியர் ஆகிவிடுவார்கள். செக், ஸ்லோவாக் இருவரையும் ஒரே 'செக்கோஸ்லோவாக் இனம்' என்று எண்ணினால் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் வந்துவிடும். அன்புக்காகச் சேர்த்து எழுதிய பெயர் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஸ்லோவாக்கியர் அதை மறக்கவில்லை. கம்யூனிச ஆட்சி விழுந்தபின் 1990 ஜனவரியில் ஜனாதிபதி ஹாவெல், நாட்டின் பெயரிலிருந்து 'சோஷலிச' என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றார். சாதாரணத் திருத்தம் என்றுதான் நினைத்தார். ஸ்லோவாக்கியர் உடனே கேட்டார்கள்: பெயரைத் திருத்துவதென்றால் செக்கோ-ஸ்லோவாக்கியா என்று நடுவில் ஒரு சிறுகோடு போடுங்கள், நாங்களும் ஒரு தனி மக்கள் என்று தெரியட்டும். செக் தரப்பு துடித்துப்போனது. மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பின் 1938-39-ல் நாடு சிதைந்த நாட்களில் இருந்த கோடு அது!

மார்ச் மாதம் ஒரு விசித்திர சமரசம்: செக் மொழியில் கோடு இல்லாமல், ஸ்லோவாக் மொழியில் கோட்டோடு. அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரலில் 'செக் மற்றும் ஸ்லோவாக் கூட்டாட்சிக் குடியரசு' ஆனது. மறைந்திருந்த 'உம்' கடைசியில் வெளியே வந்தது. எழுபது வருடம் தாமதமாக! 1993 ஜனவரி 1 அன்று இரண்டும் தனித்தனி நாடுகள். இதைச் சிறுகோட்டுப் போர் என்று எழுதிச் சிரித்தவர்கள் உண்டு. சண்டை கோட்டுக்காக இல்லை. 'நாங்கள் பெயரடையா, பெயர்ச்சொல்லா' என்பதற்காக.

கோடு போட்ட அமெரிக்கர்கள்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915 அக்டோபரில் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் பேசினார். சிறுகோட்டு அமெரிக்கர்களுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்பது சாரம். ஜெர்மானிய அமெரிக்கர், ஐரிஷ் அமெரிக்கர் என்று சொல்லிக்கொள்பவர்களைக் குறிவைத்த பேச்சு. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மானியக் குடியேறியை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. பேச்சுக்கும் கயிற்றுக்கும் நேரடித் தொடர்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று தெரிகிறது.

'ஜெர்மானிய அமெரிக்கர்' என்பதன் இலக்கணத்தைப் பாருங்கள். தலைச்சொல் அமெரிக்கர். ஆங்கிலத்திலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். செந்தாமரை எப்படித் தாமரையோ அப்படி. பண்புத்தொகையாகச் சொன்னதை வேண்டுமென்றே உம்மைத்தொகையாகப் படித்தால்தான் "இவன் பாதி ஜெர்மானியன்" என்று வரும்.

1942-ல் இன்னும் மோசம். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சுவரில் ஒட்டிய வெளியேற்ற உத்தரவுகளில் 'குடிமக்கள்' என்ற சொல்லே இல்லை. 'அந்நியர், அந்நியர் அல்லாதோர்' என்று எழுதினார்கள்! அமெரிக்கர் என்ற தலைச்சொல்லைக் கத்தரித்துவிட்டு அடைமொழியை மட்டும் சிறைக்கு அனுப்பினார்கள். 1988-ல் மன்னிப்பும் உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலரும் வந்தது. அதே 1988 இறுதியில்தான் ஜெஸ்ஸி ஜாக்சன் முதலானோர் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற பெயரை முன்வைத்தார்கள். பிறர் வைத்த பெயர்களையே சுமந்த மக்கள், தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இரட்டைப் பெயரே தவறு என்பதல்ல வாதம். யார் வைத்தார்கள், யார் பொருள் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தியத் தமிழர்: எத்தனை வேற்றுமை?

இப்போது கடைசிப் பெயர். இலங்கையின் 1911 கணக்கெடுப்பு தமிழர்களை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கட்டங்களில் பிரித்தது. மலையகத் தோட்டங்களில் கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைக்கப் போனவர்களும் அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டாவது கட்டத்துக்குள் போனார்கள்.

இந்தியத் தமிழர். விரித்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த தமிழர் என்றால் ஐந்தாம் வேற்றுமை, வெறும் வரலாற்றுத் தகவல். இந்தியாவின் தமிழர் என்றால் ஆறாம் வேற்றுமை, சொந்தக்காரர் வேறு நாடு. இந்தியராகிய தமிழர் என்றால் இருபெயரொட்டு, அயல்நாட்டார். ஒரு பெயர், மூன்று தலைவிதி.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948-ம் ஆண்டு 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்தவர்கள் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் வாக்குரிமையும் போனது. ஐந்தாம் வேற்றுமையில் எழுதிய பெயரை ஆறாம் வேற்றுமையில் படித்ததன் விளைவு!

1964 அக்டோபர் 30-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்'. அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இலங்கையையே ஊராக அறிந்த குடும்பங்கள் கப்பலேறி, நீலகிரியிலும் வேறு இடங்களிலும் குடியேறினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? சிலோன்காரர்! கடலின் அந்தப் பக்கம் இந்தியன், இந்தப் பக்கம் சிலோன்காரன்.

இலங்கையில் எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். அதுவும் தொகைச்சொல்தான். ஆனால் அதை எப்படி விரித்தாலும், மலையகத்தில் வாழும் தமிழர், மலையகத்தின் தமிழர், யாரும் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. பெயரின் முதல் சொல் இப்போது அவர்கள் காலடியில் இருக்கிற மண்.

ஆகவே அடுத்த முறை யாராவது இரட்டைப் பெயர்க்காரர் ஒருவரைப் பார்த்து "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவரில்லை. உருபை மறைத்துப் பெயர் எழுதியவர்கள்தான், எந்த வேற்றுமையை மனதில் வைத்து எழுதினோம் என்று சொல்ல வேண்டும்.